பெட்டிக்குள் துகள்: உந்தத்தை அளந்தால் என்ன வரும்? அவசரம்

அலைமகள்:
நாளைக்கு செமினார். குவாண்டம் இயற்பியலில் பெட்டிக்குள் அடைபட்ட துகளின் ஒரு நிலைக்கு ஆற்றல் ஒரே மதிப்பு, உள்ளே நிலையாற்றல் பூஜ்யம். அப்படியானால் உந்தம் (நிறை × திசைவேகம்) கூட்டல், கழித்தல் என இரண்டே மதிப்புதானே? ஃபூரியர் மாற்று (அலையை உந்தவாரியாகப் பிரிக்கும் கணக்கு) போட்டால் தொடர்ச்சியான வளைவு வருகிறது. எது சரி?

நேர்கோடு:
எந்தப் பெட்டி? சுவர் முடிவிலி உயரமா? எந்த நிலை?

தென்றல்77:
இரண்டே மதிப்புதான். பெட்டிக்குள் துகளின் அலை சைன் அலை. அது எதிரெதிரே ஓடும் இரண்டு அலைகளின் கூட்டு. ஆளுக்குப் பாதி வாய்ப்பு.

பழைய வாத்தியார்:
தம்பி, அந்த சைன் சுவரோடு நின்றுவிடுகிறது, வெளியே பூஜ்யம். வெட்டுப்பட்ட அலைக்கு ஒற்றை உந்தம் ஏது? இதெல்லாம் முதல் செமஸ்டர் பாடம். ஃபூரியர் தொகையீட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தரைநிலையில் (மிகக் குறைந்த ஆற்றல் நிலையில்) உந்தப் பரவலின் உச்சியே பூஜ்ய உந்தத்தில்தான். நீங்கள் சொல்லும் இரண்டு இடங்களிலும் உயரம் அந்த உச்சியில் சுமார் 62%.

அலைமகள்:
முடிவிலி சுவர், தரைநிலை. அப்போ ஆற்றல் எப்படி ஒரே மதிப்பு?

நேர்கோடு:
உந்த வர்க்கத்தின் சராசரியை எடுங்கள், ஆற்றல் துல்லியமாக வரும். ஆனால் உந்தத்தின் நான்காம் அடுக்கின் சராசரி முடிவிலிக்குப் போய்விடும். ஆற்றல் வர்க்கத்தின் சராசரியோ முடிவுள்ளது. சுவரும் ஆற்றலில் சேர்ந்தது, அதை விட்டுவிட்டு உந்தத்தை மட்டும் பிரித்தெடுக்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
பெட்டிக்குள் மட்டும் நின்று பேசினால், சுவரில் அலை பூஜ்யம் என்ற இந்த எல்லைநிலையில், உந்தத்தைக் குறிக்கும் ஆபரேட்டர் தன்-இணையே (self-adjoint, அளக்கத்தக்க ராசிக்கு வேண்டிய பண்பு) கிடையாது. அளப்பது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

லேப்வாசி:
சுவரைச் சட்டென்று எடுத்துவிடுங்கள். துகள் பறக்கட்டும். நெடுநேரம் கழித்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தூரத்தை நேரத்தால் வகுத்து நிறையால் பெருக்கினால் உந்தம். பல முறை செய்தால் அந்த ஃபூரியர் வளைவுதான் கிடைக்கும். 1995-இல் கொலராடோவின் ஜைலா ஆய்வகத்தில் ருபீடியம் அணுக்களைப் பொறியிலிருந்து விடுவித்து, விரிந்த பிறகு படமெடுத்துத்தான் வேகப் பரவலைப் பார்த்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
அங்கே அணுக்கள் ஒன்றையொன்று தள்ளும், விரிவே மாறிவிடும். ஒற்றைத் துகளுக்கு அது எப்படி உதாரணம்?

லேப்வாசி:
அளக்கும் முறைக்கு உதாரணம். அந்தப் பொறி கிண்ண வடிவம்தான், பெட்டி இல்லை. ஒளியால் ஆன, அடி தட்டையான பெட்டியில் மிகக் குளிர்ந்த அணுக்களை 2013-இல் கேம்பிரிட்ஜில் அடைத்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
அதிலும் தள்ளுவிசை உண்டே!

பழைய வாத்தியார்:
இருவரும் தனி இழை போடுங்கள்.

அலைமகள்:
வரைந்து பார்த்தேன். தரைநிலைக்கு நடுவில் ஒரே உச்சி. இருபதாம் நிலைக்கு இரண்டு கூர்முனை, தென்றல் சொன்ன இடங்களிலேயே. சுவரை எடுப்பதைத்தான் நாளை சொல்லப்போகிறேன். எல்லோருக்கும் நன்றி.