ஸ்டிக்கர் இல்லாத பேஸ்பால் கையெழுத்து: சொத்தா, வெறும் மையா?

தையல்108:

பந்தைப் படம் எடுத்து "கையெழுத்து வாங்கியாச்சு" என்று போடுகிறவர்களிடம் ஒரு கேள்வி. அதைப் போட்டது அந்த ஆட்டக்காரர்தான் என்று, அங்கே இல்லாத ஒருவர் எதை வைத்து நம்புவது?

மைதானக் கம்பி ஓரம் நின்று வாங்கியது நினைவுப்பொருள். கை மாறும் நாளில் அது மை பட்ட பந்து, அவ்வளவுதான். அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் அமைப்பான மேஜர் லீக்கின் சான்றளிப்பு முறை 2001இல் வந்தது. போலீஸ் பணியில் இருக்கும் அல்லது ஓய்வுபெற்ற ஒருவர் கூடவே நின்று, கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்து, அங்கேயே ஹோலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டுவார். அதிலுள்ள எண்ணை லீக்கின் தளத்தில் தட்டினால் விவரம் வரும். உரித்து வேறு பந்தில் ஒட்டப் பார்த்தால் பிய்ந்துவிடும்.

ஏன் இந்தக் கெடுபிடி? சான் டியாகோ பாட்ரெஸ் அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்து விற்பனைக்கு இருப்பதை அந்த அணி ஆட்டக்காரர் டோனி க்வின் பார்த்துச் சொன்னார். போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடிக்க எஃப்.பி.ஐ. சான் டியாகோவில் நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில், 1999 அக்டோபரில் பல இடங்களில் சோதனை நடந்தது. அகப்பட்ட போலிகளில் அன்னை தெரசா கையெழுத்திட்டதாகச் சொன்ன பேஸ்பால்கூட இருந்தது! புதிதாகச் சேர்க்க வருகிறவர்கள் முதல் பந்தையே ஹோலோகிராமோடு வாங்குங்கள்.

நீலமை:

நீங்க சொன்ன கதையே உங்களுக்கு எதிரா நிக்குது தையல். அந்தப் போலிப் பந்துங்க சான்றிதழ் இல்லாமலா வித்துச்சு? கூடவே அழகா அச்சடிச்ச சான்றிதழ் இருந்துச்சு. காகிதத்தை நம்பித்தானே ஜனங்க ஏமாந்தாங்க.

லீக் ஹோலோகிராம் பத்தி எனக்கு வாதமே இல்ல. "பார்த்தேன்"னு ஒருத்தர் பொறுப்பேத்துக்கறார். ஆனா சந்தையில கிடக்குற ஸ்டிக்கர்ல பெரும்பகுதி அது இல்லையே. கையெழுத்தைச் சோதிச்சு ஸ்டிக்கர் ஒட்டற கம்பெனிங்க பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் மூணும் பெரும்பாலும் சொல்றது "பார்த்தா சரியாத்தான் இருக்கு"ங்கற கருத்து. பேனா பந்தைத் தொட்டப்ப அவங்க ஆள் அங்க இல்ல. ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சு எடை போடாதீங்க.

தையல்108:

மூன்று நிறுவனங்களிலும் நேரில் பார்த்துத் தரும் தனி வகை உண்டு. ஸ்டிக்கரிலோ அட்டையிலோ 'விட்னஸ்டு' என்றோ 'இன் த பிரசன்ஸ்' என்றோ இருந்தால் அது சாட்சி. இல்லாவிட்டால் கருத்து. இதைப் படித்துப் பார்க்காமல் வாங்குவது வாங்குகிறவர் குற்றம்.

கருத்து என்பதும் சும்மா இல்லை. எழுத்தின் சாய்வு, பேனா எங்கே அழுந்துகிறது, எங்கே எடுக்கப்படுகிறது, எந்த எழுத்து எந்த வயதில் உதிர்ந்துபோனது என்று நூற்றுக்கணக்கான மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். விற்பவரே அடித்துத் தரும் சான்றிதழைத்தான் குப்பையில் போட வேண்டும். தான் விற்கும் மோருக்குத் தானே 'புளிக்கவில்லை' என்று எழுதித் தருவது போன்றது அது.

பழையபந்து:

இருவருக்கும் நடுவில் ஒன்றை மறந்துவிட்டீர்கள். ஸ்டிக்கரையும் கையெழுத்தையும் பார்ப்பதற்கு முன் பந்தைப் பாருங்கள். பந்து பொய் சொல்லாது.

2000க்கு முன்பு, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீக்குக்கும் நேஷனல் லீக்குக்கும் தனித்தனிப் பந்து. ஒவ்வொன்றிலும் அந்தந்த லீக் தலைவரின் கையெழுத்து அச்சாகியிருக்கும். அதன்பின் ஒரே பந்து, அதில் மேஜர் லீக் முழுவதற்கும் தலைவரான கமிஷனர் பெயர். 2015 முதல் ராப் மேன்ஃப்ரெட். பழைய நட்சத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பேப் ரூத் 1948இல் இறந்தார். வாரன் கைல்ஸ் நேஷனல் லீக் தலைவரானது 1951இல். கைல்ஸ் அச்சிட்ட பந்தில் ரூத் கையெழுத்து இருந்தால், எந்த ஸ்டிக்கர் இருந்தாலும் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ராபர்ட்டோ கிளமென்ட்டே 1972 டிசம்பர் 31இல் விமான விபத்தில் போனார். ராலிங்ஸ் நிறுவனம் லீக்குக்குப் பந்து கொடுக்கத் தொடங்கியதே 1977இல். கணக்கு நீங்களே போடலாம்.

பேனாவும் அப்படித்தான். பால்பாயிண்ட் அமெரிக்கக் கடைக்கு வந்தது 1945 அக்டோபர் கடைசியில். லூ கெரிக் இறந்தது 1941. ஷார்ப்பி மார்க்கர் பேனா வந்தது 1964. டை காப் 1961லேயே இல்லை. காப் கடைசிக் காலத்தில் பச்சை மை ஊற்றுப்பேனாவால் எழுதியவர். பச்சை என்பதாலேயே அசல் ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், போலி போடுகிறவனுக்கும் அது தெரியும்.

காகிதமானால் கறுப்பு விளக்கின் (புற ஊதா விளக்கு) கீழ் வையுங்கள். 1950 வாக்கில்தான் வெண்மையூட்டும் ரசாயனம் காகிதத்தில் பரவலானது. 1930இன் ஆட்டோகிராஃப் புத்தகத் தாள் என்று சொல்லப்படுவது நீல வெள்ளையாய்ப் பளீரென்று ஒளிர்ந்தால் தாள் பிற்காலத்தது. பழுப்பு நிறத்தைப் பார்த்து வயது சொல்லாதீர்கள். புல்பென் கும்பல் ஷெல்லாக் பூசித்தான் பந்துக்கு வயதேற்றியது.

புதுவரவு:

ஐயா, இதெல்லாம் செத்துப்போனவர்கள் கணக்கு. இப்போது ஆடுகிறவர்களிடம் வாங்கப் போகிறவனுக்கு எந்தப் பேனா, எந்தப் பந்து? ஒரு வரியில் சொன்னால் போதும்.

நீலமை:

ஒரு வரி பத்தாது தம்பி.

பந்து: ராலிங்ஸோட அதிகாரப்பூர்வ மேஜர் லீக் பந்து, நிஜத் தோல். விளையாட்டுச் சாமான் கடையில மலிவா கிடைக்கற செயற்கைத் தோல் பந்துல மை ஊறிப் பரவிடும். எழுத வேண்டிய இடம் ஸ்வீட் ஸ்பாட், அதாவது ரெண்டு தையலும் நெருங்கி வர்ற, அச்சு எதுவும் இல்லாத குறுகின பட்டை.

பேனா: நீல பால்பாயிண்ட், நடுத்தர முனை. பந்துல ஷார்ப்பி வேண்டவே வேண்டாம். போட்ட அன்னிக்குப் பளிச்சுனு இருக்கும், அப்புறம் தோல்ல ஊறி ஓரம் ஊதாவா கசியும். ஜெல் பேனா காயறதுக்குள்ள தேய்ஞ்சுடும். கறுப்பு மைன்னா அச்சடிச்சதோன்னு சந்தேகம் வரும், நீலம் அப்படி இல்ல. குளிர் நாள்ல பேனாவை உள்சட்டைப் பையில வைங்க. மை கெட்டியாச்சுன்னா முதல் எழுத்து பாதி பள்ளமா மட்டும் விழும், மை இருக்காது. நீட்டறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல ரெண்டு கிறுக்கு கிறுக்கி ஓட விடுங்க. மூடியைக் கழட்டிட்டு, ஸ்வீட் ஸ்பாட் மேல பார்க்கற மாதிரி பிடிச்சுக் குடுங்க. பந்தைத் திருப்பித் திருப்பி இடம் தேட விட்டா, அவர் கிடைச்ச இடத்துல போட்டுட்டுப் போயிடுவார்.

ஆட்டக்காரர் படம் போட்ட கார்டு, போட்டோவுக்கு மட்டும் ஷார்ப்பி. மட்டைக்கு, கறுப்பு மரம்னா வெள்ளி இல்லாட்டி தங்க நிற பெயிண்ட் பேனா. வெளிர் மரத்துல நீல ஷார்ப்பி போதும்.

தையல்108:

கார்டு பற்றி அரைகுறையாகச் சொன்னால் பையன் காசைக் கரியாக்குவான். டாப்ஸ் குரோம் மாதிரிப் பளபளப்புக் கார்டில் அப்படியே எழுதினால் மை முத்து முத்தாகத் திரளும். முன்பே தயார் செய்ய வேண்டும். பஞ்சில் கொஞ்சம் பேபி பவுடர் தொட்டு, எழுதும் இடத்தில் மெதுவாக வட்டமாகத் தேய்த்து, மென்துணியால் துடையுங்கள். அழுத்தினால் கீறல் விழும், மூலையில் தேய்த்தால் முனை மழுங்கும். கையெழுத்தான உடனே உறையில் செருகாதீர்கள். அரை நிமிடமாவது காற்றில் பிடியுங்கள்.

இவ்வளவு பாடுபட்டு, நின்றபடியே நாலு நொடியில் போட்ட கிறுக்கலைச் சான்றுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? நிறுவனத்திடம் இருக்கும் மாதிரிகள் பல, மேசையில் உட்கார்ந்து நிதானமாகப் போட்டவை. உங்களுடையது அதோடு ஒத்துப்போகாமல் 'கருத்துச் சொல்ல இயலாது' என்று திரும்பி வரலாம். கட்டணம் ஆட்டக்காரரின் பெயரைப் பொறுத்தது. பெரிய பெயருக்குப் பெரிய தொகை. கூட்டிப் பார்த்தால் ஹோலோகிராமோடு வாங்கியிருக்கலாம்.

நீலமை:

பாருங்க, உங்க வாயாலயே வந்துடுச்சு. அசல் கையெழுத்தே ஃபெயிலாகலாம்னா அந்த ஸ்டிக்கர் எதைக் காட்டுது?

கிறுக்கலுக்கும் வழி இருக்கு. இடமும் நேரமும் சரியா பிடிக்கணும். கேட் திறக்கறது பல ஸ்டேடியத்துல ஆட்டத்துக்கு ஒன்றரை, ரெண்டு மணி நேரம் முன்னாடி. உள்ளூர் அணி முதல்ல பேட்டிங் பிராக்டிஸ் எடுக்கும், நீங்க உள்ள வரும்போது பெரும்பாலும் முடியற கட்டம். அதனால வெளியூர் அணி டக்அவுட் (ஆட்டக்காரங்க உட்கார்ற இடம்) பக்கம், மைதானத்தோட பக்க எல்லையான ஃபவுல் கோட்டு ஓரமா நில்லுங்க. அன்னிக்கு எறியப்போற பிட்சர்கிட்ட கேக்கவே கேக்காதீங்க. நடுவுல மாத்தா இறங்கற ரிலீஃப் பிட்சருங்க, பெஞ்சு ஆளுங்க நிதானமா எழுதுவாங்க. ஒரே ஒரு பொருள். "மிஸ்டர்" போட்டுக் குடும்பப் பேரைச் சொல்லுங்க. சீருடையில இருக்கற ஆட்டக்காரர் பார்வையாளரோட கலந்து பேசக் கூடாதுன்னு விதிப் புத்தகத்துல 4.06ஆம் விதி இன்னும் இருக்கு. யாரும் அமல்படுத்தறதில்ல, ஆனா அவர் நின்னு எழுதறது உபகாரம்னு ஞாபகம் வெச்சுக்கங்க.

பழையபந்து:

கிறுக்கல் பற்றி ஒரு இடைச்செருகல். கையெழுத்து அழகாய் இருந்தால் தலையெழுத்து கோணலாய் இருக்கும் என்பார்கள் நம்மூரில். ஹார்மன் கில்லிப்ரூவைப் பார்த்தால் அது பொய். 573 ஹோம் ரன், 1984இல் ஹால் ஆஃப் ஃபேம், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாய்ப் படிக்கும்படியான கையெழுத்து. டோரி ஹன்டர் போன்ற இளம் ஆட்டக்காரர்களை உட்காரவைத்து, படிக்கிற மாதிரி எழுது என்று கண்டித்தவர் அவர். அவருடைய அணியான மினசோட்டா ட்வின்ஸில் அவருக்குப் பின் வந்த சிலரின் கையெழுத்து இன்னும் வாசிக்கும்படி இருப்பதற்கு அது ஒரு காரணம்.

தபால்காரன்:

கம்பி ஓரம் போக முடியாதவர்களுக்குத் தபால் இருக்கிறது. செலவு இரண்டு தபால்தலை, இரண்டு கவர்.

10ஆம் எண் நீளக் கவருக்குள் 9ஆம் எண் கவர் மடிக்காமல் போகும். அதில் உங்கள் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிவிடுங்கள். அதன் மூடியின் உள்பக்கம் ஆட்டக்காரர் பெயரைச் சிறியதாகக் குறியுங்கள், மாதங்கள் கழித்துத் திரும்பும்போது யாருடைய கிறுக்கல் என்று முழிக்க வேண்டாம். ஒன்று அல்லது இரண்டு கார்டு, மெல்லிய உறையில். கெட்டி பிளாஸ்டிக் உறை கூடாது: கவர் வளையாததால் கூடுதல் கட்டணம், ஆட்டக்காரருக்கும் பிரித்து எடுக்கும் வேலை. கடிதம் கையால், ஐந்தாறு வரி.

நேரம்தான் முக்கியம். பிட்சர்களும் கேட்சர்களும் பிப்ரவரி நடுவில், சீசனுக்கு முந்தைய பயிற்சியான ஸ்பிரிங் டிரெயினிங்குக்கு வந்து சேர்வார்கள். ஃப்ளோரிடாவில் 15 அணி, அரிசோனாவில் 15 அணி. பிப்ரவரி கடைசியில் கிடைக்கிற மாதிரி அந்தப் பயிற்சி மைதான முகவரிக்கு அனுப்புங்கள். சீசன் நடுவில் ஸ்டேடியத்துக்கு அனுப்பினால் மூட்டையில் கிடக்கும். ஆட்டக்காரர் வேறு அணிக்கு மாறிவிட்டால் கடிதம் பழைய அணியிலேயே தங்கிவிடும்.

பந்து அனுப்பாதீர்கள். 5 அவுன்ஸுக்கு மேல் எடை, திரும்பி வரப் பெட்டி வேண்டும். வெறும் தபால்தலை ஒட்டிய, அரை அங்குலத்துக்கு மேல் தடிமனான பார்சலை அமெரிக்காவில் தெருவில் உள்ள நீலத் தபால் பெட்டியில் போட முடியாது, கவுன்டரில் நீட்ட வேண்டும். உங்களுக்காக எந்த ஆட்டக்காரர் போய் வரிசையில் நிற்பார்?

தையல்108:

தபாலில் வந்ததைப் போட்டது அவரா, உதவியாளரா, ரப்பர் ஸ்டாம்பா, பேனா பிடித்துக் கையெழுத்தை நகலெடுக்கும் ஆட்டோபென் இயந்திரமா?

தபால்காரன்:

நியாயமான கேள்வி. ஸ்டாம்பில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் கறுக்காது. பேனாவில் மேல்கோடு கீழ்கோட்டை மூடிக் கறுக்கும். ஆட்டோபென்னில் அழுத்தம் முழுக்க ஒரே சீர், தொடக்கத்திலும் முடிவிலும் பேனா நின்ற புள்ளி தெரியும். அதே ஆட்டக்காரரிடமிருந்து வந்த இரண்டு கார்டுகளின் படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். மயிரிழை பிசகாமல் பொருந்தினால் அது மனிதக் கை இல்லை. ஆனால் உதவியாளர் கையை இப்படிப் பிடிக்க முடியாது. அங்கே தையல் சொல்வதுதான் சரி, மாதிரிகளோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

தையல்108:

நன்றி. பதிலுக்கு ஒன்று ஒப்புக்கொள்கிறேன்: விற்கவே போவதில்லை என்றால் கட்டணம் கட்டி ஸ்டிக்கர் ஒட்டுவது வீண். அப்படியானால் உங்கள் பெயரைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சந்தையில் விலை குறையும். அதனாலேயே இவர் விற்கிறவர் இல்லை என்று ஆட்டக்காரருக்கும் தெரியும், நின்று எழுதுவார். விற்கும் எண்ணம் துளி இருந்தாலும் என் முதல் பதிவே என் நிலை.

நீலமை:

விற்கும்போதும் வாங்கறவன் ஸ்டிக்கரை விட்டுட்டு பந்தைப் பார்க்கணும்ங்கறதுதான் என் நிலை. மாறல.

புதுவரவு:

கடைசியாக ஒன்று. ஒரே பந்தில் அணி முழுவதையும் வாங்கலாமா? எங்கே வைப்பது?

பழையபந்து:

வாங்கலாம். ஆனால் அணிப் பந்தில் ஸ்வீட் ஸ்பாட் மேனேஜருக்கு (அணியின் தலைமைப் பயிற்சியாளர்) என்பது பழைய வழக்கம். அவர் கிடைக்கும்வரை அந்த இடத்தில் பெருவிரலை வைத்து மறைத்தபடி நீட்டுங்கள், மற்றவர்கள் பக்கவாட்டில் போடுவார்கள். விரல் சுத்தமாக இருக்கட்டும், கை எண்ணெய் பட்ட இடம்தான் பின்னால் பழுப்பாகும். வீட்டில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கனசதுரப் பெட்டி, சன்னலுக்கு எதிர்ச் சுவரில் இல்லாத அலமாரி. பெட்டி வெயிலைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. சமையலறைச் சுவரை ஒட்டியும் வேண்டாம்.