கண்டிக் கல்லறைகளில் ஒரு சனிக்கிழமை

வாட்ஸ்அப் குழு: கருப்பையா குடும்பம்

நித்யா, காலை 8.40
எல்லாருக்கும் வணக்கம். நானும் ரவியும் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கிவிட்டோம். முதலில் தலதா மாளிகைக்குப் பின்னால் இருக்கும் பழைய வெள்ளைக்காரர் சவக்காலை. அப்புறம் மஹியாவைச் சவக்காலை. தாத்தாவைப் புதைத்த இடத்தை இன்றைக்கு எப்படியாவது தேடிப் பார்க்க வேண்டும்.

அம்மா, 8.43
மழைக்கோட்டு எடுத்தாயா? மத்தியானத்துக்கு மேல் இருட்டிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்ததும் முதலில் குளிக்க வேண்டும், இரண்டு பேரும்.

சுரேன் (தெல்தோட்டை சித்தி மகன்), 8.51
அக்கா, தாத்தாவைத் தேடத்தானே போகிறீர்கள், வெள்ளைக்காரர் சவக்காலைக்கு எதற்கு?

நித்யா, 8.55
பெயர் எழுதி, கதை எழுதி, 200 வருடமாகக் காப்பாற்றி வைத்த கல்லறை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை, தம்பி. அதைப் பார்த்துவிட்டு நம்முடையதைத் தேடினால்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

பெரிய மாமா (வவுனியா), 9.02
போய்ப் பார் மகள். வழியில் செங்கல்லில் கட்டிய சென் போல்ஸ் தேவாலயம் வரும், 1840களில் கட்டத் தொடங்கியது. அதைத் தாண்டினால் நூதனசாலை. அந்தக் கட்டடம் ராஜா காலத்தில் ராணிமார் இருந்த மாளிகை. அதற்குப் பின்னால்தான் நீ தேடும் இடம்.

நித்யா, 9.48
வந்துவிட்டோம். நூதனசாலைக்குப் பின்னால் ஒரு சின்ன ஏற்றம், ஏறி முடிந்ததும் வாசல். எத்தனையோ முறை கீழே நடந்திருக்கிறேன், இப்படி ஒரு இடம் இருப்பது தெரிந்ததே இல்லை. புல் வெட்டி, கற்களைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். பராமரிக்கிற ஐயா கூடவே வந்து ஒவ்வொரு கல்லாக நின்று கதை சொன்னார். 1817 இல் தொடங்கிய இடம். மொத்தம் 195 பேர். நகரத்துக்குள் புதைக்கக்கூடாது என்று 1870களில் மூடிவிட்டார்களாம். உறவினர் ஏற்கெனவே இங்கே இருந்தால் மட்டும் அனுமதி கொடுத்தார்கள். அப்படிக் கடைசியாக ஒருவரைப் புதைத்தது 1951 இல்.

ரவி, 9.53
[படம்: பாசி படிந்த ஒரு பழைய கல், பக்கத்தில் சின்னதாக இன்னொன்று]
குழந்தைகள் நிறைய.

நித்யா, 10.05
ஆமாம், அதுதான் மனதைப் பிடித்துக்கொண்டது. பெரியவர்களும் பெரும்பாலும் இளம் வயது. வயிற்றோட்டம், காலரா, மலைக்காய்ச்சல். மெக்லாஷன் என்று ஒரு கப்டன், வோட்டர்லூ போரில் உயிர் தப்பியவர். திருகோணமலையில் இருந்து மழையில் நனைந்து, ஆறுகளை இறங்கிக் கடந்து, ஈர உடுப்போடு படுத்து, நடந்தே கண்டிக்கு வந்து காய்ச்சலில் 1817 இல் போய்விட்டார். ரொபர்ட்சன் என்பவரை 1856 இல் யானை கொன்றது. இலங்கையில் காட்டு யானையால் இறந்ததாகப் பதிவான ஐரோப்பியர்களில் அவர் ஏழாவது ஆள், கடைசி ஆளும் அவர்தான். இன்னொருவர்மேல் வீடு இடிந்து விழுந்திருக்கிறது, 1861 இல்.

தெல்தோட்டை சித்தி, 10.11
பாவம். கடல் தாண்டி வந்து இந்த மலையில் முடிந்திருக்கிறார்கள். பெற்றவர்கள் அங்கே கடிதத்துக்குக் காத்திருந்திருப்பார்கள்.

சுரேன், 10.14
யானை கொன்றவர்களை எண்ணி ஏழாவது ஆள் என்று சொல்கிறார்கள். அதே காட்டு வழியில் நம் ஆட்கள் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று யார் எண்ணினார்கள்? 2023 இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு, நம் ஆட்கள் இந்தியாவில் இருந்து தோட்டங்களுக்கு வந்த வழியை நினைத்து நடைபயணம் போனார்களே, ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை. நான் தம்புள்ளையில் சேர்ந்து கடைசி இரண்டு நாள் நடந்தேன். தார் ரோட்டில், சப்பாத்து போட்டு, வழிநெடுகத் தண்ணீர் கொடுக்க ஆள் இருந்தும் கால் வெடித்துவிட்டது. கோப்பிக் காலத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு வந்திருக்கிறார்கள். காலரா வந்தால் விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

பெரிய மாமா, 10.20
சரியாகச் சொன்னாய் மகன். நித்யா, ஜோன் டொய்லியின் கல்லைப் பார்த்தாயா? அதை விட்டுவிடாதே.

நித்யா, 10.22
முன்னால்தான் நிற்கிறேன் மாமா. பெரிய தூண். 1824 மே 25 இல் இறந்திருக்கிறார், காய்ச்சலில்.

பெரிய மாமா, 10.34
அவர்தான் கண்டி விழுந்த கதையின் நடு ஆள். சிங்களம் நன்றாகப் படித்தவர், பிரதானிகளோடு பேசிப் பேசியே அவர்களை ராஜாவிடம் இருந்து பிரித்தவர். 1815 மார்ச் 2 ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டியில் ஆங்கிலேய அரசின் பிரதிநிதியாக அவரே இருந்தார். கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சம், இயற்பெயர் கண்ணுசாமி. அவரைக் குடும்பத்தோடு வேலூருக்கு அனுப்பினார்கள். 1832 இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று அவர் கல்லறை இருக்கிறது.
இப்போது யோசித்துப் பார். கண்டி ராஜா வேலூரில் கிடக்கிறார். அவரை அனுப்பியவர் அந்த ராஜாவின் ராணிமார் மாளிகைக்குப் பின்னால் கிடக்கிறார். நான் வாத்தியாராக இருந்தபோது ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளிடம் இதைச் சொல்வேன். வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும்.

ரவி, 10.37
மாமா, ராஜாவின் சொந்தக்காரர்கள் இருந்த தெரு?

பெரிய மாமா, 10.39
மலபார் வீதி. தமிழ் பேசும் நாயக்கர் குடும்பங்கள் இருந்த தெரு என்பதால் அந்தப் பெயர். கண்டிக் குளமும் அந்த ராஜா கட்டியதுதான். திரும்பும்போது அந்த வழியாக நட.

அம்மா, 10.41
சாப்பிட்டீர்களா?

ரவி, 10.42
பாணும் பருப்பும் சாப்பிட்டோம் அம்மா.

நித்யா, 12.10
மஹியாவைக்கு வந்துவிட்டோம். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறி இறங்கினால் கிட்டத்தான். சவக்காலை பெரிய சரிவு, மேலே மேலே போய்க்கொண்டே இருக்கிறது. இங்கே புல்லை யாரும் அளந்து வெட்டுவதில்லை. ஆனால் மனிதர் வந்து போகிற இடமாக இருக்கிறது. ஒரு குடும்பம் பூ வைத்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஒரு பிள்ளை பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தது. காலையில் பார்த்த இடத்தில் அழ யாரும் வருவதில்லை. எனக்கு இந்த இடம்தான் நெருக்கமாக இருக்கிறது.

ரவி, 12.19
[படம்: ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை]
சித்தி, உங்களுக்காக.

தெல்தோட்டை சித்தி, 12.31
அட, டெய்லர் துரை! லூல்கந்துர எங்களுக்குப் பக்கத்து மலைதான். 17 வயதில் வந்த பையன், 40 வருடம் ஒரே தோட்டத்தில் இருந்தார். 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அடுத்த இரண்டு வருடத்தில் கோப்பி இலையில் துரு நோய் வந்து மலை மலையாக அழிந்தபோது, நாட்டைத் தாங்கியது அந்தச் செடிதான். கடைசியில் அவரை வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். அவர் போகவில்லை. வயிற்றுளைச்சல் கண்டு அதே மலையில் உயிர் போனது. ஆட்கள் அவரை சாமித் துரை என்பார்களாம். கண்டி வரைக்கும் 24 பேர் தூக்கி வந்தார்கள். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக, நாலு மைலுக்கு ஒரு தடவை தோள் மாற்றி. கங்காணிமாரும் ஆட்களும் பின்னால் நடந்து வந்திருக்கிறார்கள்.

நித்யா, 12.40
கல்லில் அவர் பெயர், தோட்டத்தின் பெயர், 1892 மே 2, வயது 57, இந்தத் தீவின் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி என்று இருக்கிறது. அவர் அதற்கு உரியவர்தான் சித்தி. ஆனால் படித்துவிட்டு நகர முடியவில்லை. அந்த 24 பேரும் பெட்டியை இறக்கிவிட்டு அதே வழியாக மலைக்குத் திரும்பி ஏறியிருப்பார்கள், மறுநாள் காலை தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்களில் ஒருவருடைய பெயராவது எங்காவது ஒரு கல்லில் இருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

தெல்தோட்டை சித்தி, 12.52
கல் எங்கே மகள். எங்கள் தோட்டத்தில் புதைத்தால் தலைமாட்டில் ஒரு குரோட்டன் கொம்பை நட்டுவிட்டு வருவோம். இரண்டு மாரி மழை போனால் மேடு கரைந்துவிடும். செடி பிழைத்தால் அதுதான் அடையாளம். என் மாமியாருக்கு நட்டது பிழைத்துவிட்டது. இப்போது என் உயரத்துக்கு நிற்கிறது, போகும்போதெல்லாம் ஒரு இலையைத் தொட்டுவிட்டு வருவேன்.

சுரேன், 12.58
அக்கா, பிட்டகந்த போர்ச் சவக்காலைக்கும் ஒரு நாள் போங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள். ஆங்கிலேயர், ஆபிரிக்கர், இந்தியர், நம் நாட்டவர் எல்லாருக்கும் ஒரே வரிசை, ஒரே மாதிரிக் கல். பதவி பார்த்துப் பெரிது சின்னது கிடையாது.

நித்யா, 1.02
கட்டாயம் போவோம், நீயும் வா. மாமா, இப்போது வழி சொல்லுங்கள். தாத்தா எங்கே?

பெரிய மாமா, 1.08
பெரிய வழியால் ஏறு. வரிசைக் கல்லறைகள் முடியும் இடத்தில் வலது பக்கம் ஒரு பலா மரம். அதன் கீழே மூன்றாவது வரிசை. சீமெந்துப் பலகை ஒன்று, இரண்டடி நீளம் இருக்கும். 1987 இல் போட்டது. சிலுவையோ சூலமோ ஒன்றும் இல்லை.

ரவி, 1.30
பலா மரம் இல்லை மாமா.

பெரிய மாமா, 1.31
வெட்டிவிட்டார்களா?

நித்யா, 1.50
ஒன்றும் பிடிபடவில்லை, அதனால் கீழே குடியிருப்புக்கு இறங்கினோம். ஒன்றோடு ஒன்று ஒட்டிய சின்ன வீடுகள், நடுவில் ஒரு ஆள் போகிற சந்து, வாசலுக்கு வாசல் துளசி, பிள்ளைகள் சுவரில் கோடு போட்டு கிரிக்கெட். வெள்ளைக்காரர் காலத்தில் நகரத்தைத் துப்புரவாக்க இந்தியாவில் இருந்து கூட்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்னும் இருக்கிறார்கள். திண்ணையில் இருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன். உடனே கேட்டார், ‘பெரஹரா ஊர்வலத்துக்குப் பிறகு ரோட்டைக் கூட்டுகிற கருப்பையா அண்ணனா? நீ யாருடைய பிள்ளை?’ அம்மாவின் பெயரைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அம்மா, 1.53
யார் அது? எந்த வீடு?

பெரிய மாமா, 1.59
பெரஹரா நாட்களில் அப்பா விடியும்போதுதான் வீட்டுக்கு வருவார். யானைச் சாணம், பந்தத்தில் இருந்து விழுந்த கொப்பரைக் கரி, எல்லாவற்றையும் அள்ளி முடித்துவிட்டுத்தான் வருவார். சட்டை முழுக்கக் கொப்பரைப் புகை வாசம். இன்றைக்கும் எங்காவது கொப்பரை எரிந்தால் எனக்கு அப்பா வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ரவி, 2.25
பாட்டியின் மகன் ஒரு வாளித் தண்ணீரும் பொச்சும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். பலா மரத்தின் அடிக்கட்டை மட்டும் இருக்கிறது, அவருக்கு இடம் தெரிந்திருந்தது. மூன்றாவது வரிசையில் பாசியைத் தேய்க்கிறோம்.

நித்யா, 2.41
[படம்: நனைந்த சீமெந்துப் பலகை, கையால் கீறிய எழுத்து]
மாமா, ஒன்று கிடைத்தது. ஆனால் ‘கருபையா’ என்று இருக்கிறது. நடுவில் ப் இல்லை. வருடம் 1987 தான். வேறு யாராவது இருக்குமா?

நித்யா, 2.46
மாமா?

பெரிய மாமா, 2.54
அதுதான் மகள்.
நான்தான் எழுதினேன். அப்போது எனக்கு 19 வயது. கல் வெட்டக் கையில் காசில்லை. ஒரு வீட்டில் மிஞ்சிய சீமெந்தைக் கேட்டு வாங்கிக் குழைத்து, ஈரம் காயும் முன்னே ஆணியால் கீறினேன். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஒரு எழுத்து விட்டுப்போனது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. திரும்ப ஓடிப் போனேன், அதற்குள் இறுகிவிட்டது. இத்தனை வருடம் உங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

தெல்தோட்டை சித்தி, 2.57
அண்ணா, அழாதீர்கள்.

அம்மா, 3.01
அண்ணா, அந்த எழுத்தைப் பார்த்துத்தானே இன்றைக்கு அப்பாவைக் கண்டுபிடித்தோம். நித்யா, அதில் யாரும் கை வைக்கக்கூடாது. ப் சேர்க்க வேண்டாம். அண்ணன் கீறியது அப்படியே இருக்கட்டும்.

சுரேன், 3.04
மாமா, புதுக் கல் ஒன்று வேண்டுமானால் செலவு என்னுடையது.

பெரிய மாமா, 3.09
தங்கச்சி சொன்னதுதான் சரி. கல் வேண்டாம் மகன். கீறல் ஆழம் குறைந்திருக்கிறது, அதற்குள் மட்டும் கறுப்புப் பெயின்ட் விட்டால் போதும்.

நித்யா, 3.15
மாமா, இன்னொரு வேலை இருக்கிறது. உங்களுக்கும் அம்மாவுக்கும் சித்திக்கும் ஞாபகம் இருக்கிற எல்லாருடைய பெயரும், எங்கே புதைத்தது என்பதும் இந்தக் குழுவில் போடுங்கள். மரம் போனால் மரம் இருந்த இடத்தையாவது எழுதுங்கள். நான் ஒரு கொப்பியில் எழுதி எல்லாருக்கும் படம் எடுத்து அனுப்புகிறேன்.

தெல்தோட்டை சித்தி, 3.19
என் மாமியார்: மீனாட்சி. மேல் பிரிவு, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, சிவப்புக் குரோட்டன்.

அம்மா, 3.22
அம்மாச்சி: ராமாயி. அவரும் மஹியாவைதான், அப்பாவுக்கு இரண்டு வரிசை மேலே என்று நினைக்கிறேன். அண்ணா, சரியா?

பெரிய மாமா, 3.24
ஒரு வரிசை மேலே. தலைமாட்டில் ஒரு ஆற்றுக் கல் வைத்தோம். அடுத்த சனிக்கிழமை நான் காலை பஸ்ஸில் வருகிறேன், காட்டித் தருகிறேன்.

ரவி, 3.26
மழை தொடங்கிவிட்டது. பாட்டி வீட்டில் பிளேன்டீ குடிக்கிறோம். மாமா, பெயின்ட் நான் வாங்கி வைக்கிறேன். என்ன அளவு?

பெரிய மாமா, 3.27
ஆகச் சின்ன டப்பா. பிரஷ் மெல்லியதாக இருக்கட்டும்.