ஒரு கட்டமா, இரண்டு கட்டமா?

குழு: கோண்டாவில் வீட்டார்
ஞாயிற்றுக்கிழமை

தம்பி, மாலை 5:48
பெரியப்பா, இன்றைய சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றில் வெல்ல வேண்டிய ஆட்டத்தைச் சமநிலையில் விட்டுவிட்டேன். முடிவில் என்னிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும் இருந்தன. எதிரே ஆடிய பிள்ளையிடம் ராஜா மட்டுமே இருந்தது. யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறியது முதல் கோண்டாவில் சந்தியில் இறங்கும் வரை யோசித்தும், எங்கே பிழைத்தேன் என்று விளங்கவில்லை.

பெரியப்பா, மாலை 5:55
அரைப் புள்ளிதானே போனது, கவலைப்பட வேண்டாம். காய்கள் நின்ற இடங்களையும் அதற்குப் பிறகு ஆடிய நகர்வுகளையும் ஒன்றும் விடாமல் எழுதி அனுப்பும். படம் எடுத்து அனுப்புவதை விட எழுதுவதே நல்லது, எழுதும்போதே பாதி விளங்கிவிடும்.

தம்பி, மாலை 6:10
நான் வெள்ளை. கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுக்கு வரிசை, எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் குறுக்கு வரிசை. என் ராஜா ஈ4இலும் சிப்பாய் ஈ2இலும் நின்றன. கறுப்பு ராஜா ஈ6இல் நின்றது, நகர்த்த வேண்டிய முறை என்னுடையது. நான் ராஜாவை எஃப்4க்கு விலக்கினேன், அவர் எஃப்6க்கு வந்தார். சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி ஈ4இல் வைத்தேன், அவர் ஈ6க்கு வந்தார். சிப்பாயை ஈ5க்குத் தள்ள, அவர் ஈ7க்குப் போனார். நான் ராஜாவை எஃப்5க்கு ஏற்ற, அவர் எஃப்7இல் மறித்தார். சிப்பாயால் ஈ6இல் செக் வைத்தேன், அவர் ஈ7க்கு வந்தார். என் ராஜா ஈ5க்கு வர, அவர் நேரே பின்னால் ஈ8க்குப் போனார். நான் எஃப்6, அவர் எஃப்8. சிப்பாய் ஈ7இல் மறுபடி செக் கொடுத்தது, அவர் ஈ8க்கு வந்தார். அதற்குப் பிறகு சிப்பாயைக் காப்பாற்ற ஈ6க்குத்தான் வர முடிந்தது, வந்ததும் அவருடைய ராஜாவுக்குப் போக இடமில்லாமல் ஸ்டேல்மேட், அதாவது சமநிலை, ஆகிவிட்டது.

அப்பா, மாலை 6:21
பலகையை மாமி வீட்டுப் பிள்ளைகள் கொண்டு போய்விட்டார்கள். அதனால் கொப்பித் தாளில் கட்டம் கீறி, ராஜாக்களுக்கு இரண்டு போத்தல் மூடிகளும் சிப்பாய்க்கு ஒரு புளியங்கொட்டையும் வைத்து, விறாந்தையில் இருந்து பார்க்கிறேன். ஆறுதலாக எழுதுங்கள், அண்ணா.

பெரியப்பா, மாலை 6:40
இரண்டு ராஜாக்களும் ஒரே வரிசையில், நடுவே ஒரேயொரு கட்டம் இருக்க, நேருக்கு நேர் நிற்பதை ஒப்பொசிஷன் என்பார்கள். அந்த நிலையில் நகர்த்த வேண்டியவர்தான் வழிவிட வேண்டியவர். நகர்த்தத் தேவையில்லாதவர், மற்றவர் விலகியதும் ஒரு பக்கத்தால் முன்னேறிவிடுவார். தம்பி சொன்ன நிலையில் ஈ4இலும் ஈ6இலும் ராஜாக்கள் முகம் பார்த்து நிற்க, முறை வெள்ளையிடம் இருந்தது. ஆனால் ஈ2இல் நின்ற சிப்பாய் இன்னும் அசையவில்லை என்பதால், அதை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தி ஈ3இல் வைத்திருந்தால் ராஜா நின்ற இடத்திலேயே நிற்க, நகர்த்தும் கட்டாயம் கறுப்பின் தலையில் விழுந்திருக்கும். கறுப்பு டி6க்குப் போனால் நீர் எஃப்5, அவர் ஈ7க்குத் திரும்பினால் நீர் ஈ5, பிறகு அவர் டி7க்கு ஒதுங்க நீர் எஃப்6. எதிர்த்திசையில் எஃப்6க்குப் போனால் நீர் டி5. ஆகவே ராஜாவை எஃப்4க்கு விலக்கிய முதல் நகர்விலேயே வெற்றி கைநழுவியது என்பது என் கணிப்பு.

நான், மாலை 6:58
பெரியப்பா, அந்த ஒரு இடத்தில் மட்டும் நான் வேறுபடுகிறேன். ராஜா எஃப்4க்கு விலகி, கறுப்பு எஃப்6க்கு வந்த பிறகும் இரண்டு ராஜாக்களும் நேருக்கு நேர்தான் நிற்கின்றன, சிப்பாயும் ஈ2இலேயே இருக்கிறது. அப்போது ஈ3 என்று ஒரு கட்டம் வைத்திருந்தால் கறுப்புதான் விலக வேண்டும்; அவர் ஈ6க்கு வந்தால் நாங்கள் ஈ4, மறுபடியும் அதே வெல்லும் நிலை. எனவே எஃப்4 ஒரு சுற்றுப்பாதை மட்டுமே. பிழை அடுத்த நகர்வில், சிப்பாயை இரண்டு கட்டம் பாயவிட்டதில்தான் இருக்கிறது.

பெரியப்பா, இரவு 7:09
காய்களை வைத்துப் பார்த்தேன், நீ சொன்னதே சரி, பிள்ளை. எஃப்4ஐப் பிழை என்று நான் எழுதியதை அழித்துவிடுங்கள்.

ரொறன்ரோ மாமா, இரவு 7:15
எனக்கு ஒரு ஐயம். சிப்பாய் எட்டாம் வரிசைக்குப் போய்த்தானே ராணியாக வேண்டும்? அப்படியானால் இரண்டு கட்டம் பாய்ந்து இலக்கை நெருங்குவது எப்படிக் கேடாகும்?

பெரியப்பா, இரவு 7:31
அத்தான், தம்பிக்கும் அந்த எண்ணம்தான் வந்திருக்கும். சில காய்களே மிஞ்சிய இந்த முடிவாட்டத்தில் ஓட வேண்டியது சிப்பாய் அல்ல, ராஜா. பலகையின் ஓரத்தில் இல்லாத சிப்பாய் நாலாம் வரிசையைத் தாண்டாத வரை, அது நிற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் முன்னால் மூன்று திறவுகோல் கட்டங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றை வெள்ளை ராஜா பிடித்துவிட்டால், முறை யாருடையதாக இருந்தாலும், பிழையில்லாமல் ஆடினால் வெற்றி உறுதி. சிப்பாய் ஈ2இல் இருந்தால் அவை டி4, ஈ4, எஃப்4. ஈ3இல் இருந்தால் டி5, ஈ5, எஃப்5. ஈ4இல் இருந்தால் டி6, ஈ6, எஃப்6. இப்போது பாருங்கள்: சிப்பாய் ஈ2இல் நின்றபோது தம்பியின் ராஜா ஈ4இல், அதாவது திறவுகோல் கட்டத்தின் மேலேயே நின்றது. எஃப்4க்கு விலகியபோதும் அப்படியே. சிப்பாய் ஈ4க்குப் பாய்ந்த கணத்தில் அந்தக் கட்டங்கள் ஆறாம் வரிசைக்குத் தள்ளிப்போக, ராஜா நாலாம் வரிசையில் பின்தங்கிவிட்டது. வாசலில் நின்றவர் தானே வாசலை இரண்டு படி மேலே தூக்கி வைத்தது போன்ற காரியம் அது.

அப்பா, இரவு 7:36
புளியங்கொட்டையை ஈ4இல் வைத்ததும் மூடிக்கு முன்னால் இடமில்லாமல் போவது கண்ணுக்கே தெரிகிறது.

நான், இரவு 7:44
எதிரே ஆடிய பிள்ளையையும் பாராட்ட வேண்டும். தம்பியின் ராஜா ஈ5க்கு வந்தபோது அவர் டி8க்கோ எஃப்8க்கோ போயிருந்தால் தோற்றிருப்பார். டி8 என்றால் தம்பி டி6, அவர் ஈ8, பிறகு சிப்பாய் செக் இல்லாமலே ஈ7க்கு ஏறும். அவர் எஃப்7க்கு விலக, டி7இல் ராஜா வந்து சிப்பாயை ராணியாக்கிவிடும். நேரே பின்னால் ஈ8க்குப் போனதால்தான், தம்பி எந்தப் பக்கம் ஏறினாலும் அந்தப் பக்கமே எதிரே வந்து நிற்க அவரால் முடிந்தது. ராஜா பக்கத்தில் ஆறாம் வரிசையில் நிற்க, சிப்பாய் ஏழாம் வரிசைக்குச் செக்குடன் ஏறினால் சமநிலை, செக் இல்லாமல் ஏறினால் வெற்றி என்று இப்படியான நிலைக்கு ஞாபகம் வைத்துக்கொள், தம்பி.

பெரியப்பா, இரவு 7:52
1921இல் உலக வாகையரான கியூபா நாட்டுக் கப்பபிளாங்கா, சதுரங்கம் படிப்பவர்கள் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னர் முடிவாட்டத்தைப் படிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். எங்கள் பிள்ளைகள் தொடக்க நகர்வுகளைப் பதினைந்து வரை மனப்பாடம் செய்துவிட்டு, மூன்று காய்கள் மிஞ்சும் இடத்தில் தடுமாறுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வருந்துகிறது. தம்பி, இன்றிரவு அப்பாவைக் கறுப்பாக வைத்து, ஈ3இலிருந்து வென்று காட்டும்.

தம்பி, இரவு 9:12
நாலு தரம் ஆடினோம், பெரியப்பா. முதல் தரம், என் ராஜா எஃப்6இலும் சிப்பாய் ஈ5இலும் நிற்க, அப்பா ஈ8இல் நின்றபோது, அவசரப்பட்டுச் சிப்பாயை ஈ6க்குத் தள்ளினேன். அப்பா எஃப்8க்கு வந்து மறுபடி சமநிலையாக்கிவிட்டார். அடுத்த மூன்று தரமும் சிப்பாயைத் தொடாமல் ராஜாவை ஈ6க்குக் கொண்டு வந்தேன். அப்பா டி8க்குப் போக நான் எஃப்7, அதற்குப் பிறகு புளியங்கொட்டையை யாராலும் மறிக்க முடியவில்லை.

பெரியப்பா, இரவு 9:20
அந்த ஈ6 நகர்வைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். நாளை பின்னேரம் வாரும். சிப்பாய் ஏ வரிசையில் நின்றால், கறுப்பு ராஜா மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு, ஒப்பொசிஷன் கையில் இருந்தும் ஏன் வெல்ல முடியாது என்பதைப் பலகையில் பார்ப்போம்.