பர்மாத் தமிழர்களே, வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டாவது ஓஎஸ் (இயங்குதளம்) போட்டுப் பார்த்தவர்கள் நடந்ததைச் சொல்லுங்கள்

தாமுவே தம்பி:

நானே தொடங்குகிறேன். அப்பாவின் லேப்டாப்பில் விண்டோஸ் பக்கத்திலேயே ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையைப் போட்டேன். எப்படிப் போட்டேன் என்ற கதை வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்ததுதான். பென்டிரைவ், டிஸ்கைப் பிரிக்கும் பார்ட்டிஷன், கொஞ்சம் நெஞ்சு படபடப்பு.

விஷயம் மறுநாள் விடியற்காலையில். மார்கழி மாதம். கோயில் சாவி அப்பாவிடம்தான் இருக்கும். நாலரைக்கு எழுந்து குளித்து ஐந்தரைக்குள் போய்க் கதவைத் திறப்பார். அன்று எங்கள் பக்கம் இரவு முழுக்கக் கரண்ட் இல்லை, அவருடைய போன் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. விழிப்பு வந்ததும் இருட்டில் தடவி லேப்டாப்பைத் திறந்திருக்கிறார். இரவு நான்தான் ஃபெடோராவில் நோண்டி முடித்து, விண்டோஸுக்கு மாற்றி மூடி வைத்திருந்தேன். அது காட்டிய நேரம் 10:20. இன்னும் ராத்திரிதான் என்று மறுபடி போய்ப் படுத்துவிட்டார்.

உண்மையில் மணி 4:50. லினக்ஸ், மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதையே ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். பனிக்காலத்தில் லண்டனில் இருப்பவனுக்கு வித்தியாசமே தெரியாது, பர்மாவில் இருக்கும் நமக்கு ஆறரை மணி நேரம். நெட் இருந்திருந்தால் தானாகச் சரியாகியிருக்கும். அதுவும் இல்லை.

ஆறு மணிக்கு ஆள் வந்து கதவைத் தட்டினார். குருக்களும் நாலைந்து அம்மாக்களும் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றே திருவெம்பாவை பாடிக்கொண்டிருக்கிறார்களாம். அப்பா ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். அந்தப் பித்தான் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு நாள் தவறாத மனிதர். "வயசாயிடுச்சு, மணி பார்க்கக்கூடத் தெரியலை" என்று அம்மாவிடம் சொன்னாராம். என் வேலைதான் அது என்று நான் இன்றுவரை சொல்லவில்லை.

மோல்மீன் டைப்பிங் அக்கா:

உனக்கு மணிதான் தப்பியது தம்பி. எனக்கு ஒரு கல்யாண வேலையே கைவிட்டுப் போனது.

வீட்டில் வைத்தே டைப்பிங், கல்யாணப் பத்திரிகை வேலை எல்லாம் செய்கிறேன். ஆளாளுக்குக் கொண்டுவரும் பென்டிரைவில் வைரஸ் தொல்லை தாங்கவில்லை. அதனால் லினக்ஸ் மின்ட் போட்டேன். தமிழ் உடைந்துவிடும் என்றுதான் பயம். பார்த்தால் தமிழ் ஒரு எழுத்துகூட உடையவில்லை, பர்மிய எழுத்துதான் உடைந்தது. விண்டோஸில் ஸோஜி எழுத்துருவில் அடித்த பைல்கள் அவை. எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக் குறியீட்டு முறை வைத்திருக்கும் அதே எண்களில் ஸோஜி வேறு வேறு துண்டுகளை வைத்திருக்கிறது. பர்மியக் கதைகளில் ஸோஜி என்றால் மந்திரவாதி, பெயர் வைத்தவனுக்கு நல்ல ஞானம். மின்ட்டில் கையெழுத்து மாதிரி அழகான ‘படவுக்’ எழுத்துரு போட்டு வைத்திருந்தேன். பர்மியப் புத்தாண்டான தஞ்சான் சமயத்தில் பூக்குமே, நம் வேங்கை மர இனம், அந்தப் பூவின் பெயர்தான். அழகு இருந்து என்ன, அது யூனிகோடு மட்டுமே படிக்கும்.

கல்யாணப் பெண்ணின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பத்திரிகைப் பைலை மின்ட்டில் திறந்துவிட்டேன். தமிழ்ப் பக்கம் சரியாக வந்தது. பர்மியப் பக்கத்தில் பெண்ணின் பெயர் நடுவில் ஒரு புள்ளி வட்டம். "என்னம்மா, என் மக பேருல ஓட்டை விழுந்திருக்கு?" என்றார். நான் யூனிகோடு, ஸோஜி என்று ஏதேதோ விளக்கினேன். அவர் கேட்கவில்லை. தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மறுநாள் வேறு இடத்தில் அடித்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். விண்டோஸில் திறந்து காட்டியிருந்தால் ஒரு நிமிஷ வேலை. விளக்கம் சொன்னேன் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இன்சின் அண்ணன்:

முதலில் ஒன்று. தம்பி விஷயத்தில் லினக்ஸ் மேலும் தப்பில்லை, விண்டோஸ் மேலும் தப்பில்லை. ஒரே சுவர்க் கடிகாரத்தை இரண்டு பேர் இரண்டு ஊர் நேரத்துக்குத் திருப்பினால் அப்படித்தான் ஆகும். போடுவதற்கு முன் படித்திருக்க வேண்டும். அக்காவுக்கும் அதேதான். 2019 அக்டோபர் 1-ல் நாடே யூனிகோடுக்கு மாறியது. அதற்கு அப்புறமும் ஸோஜியில் அடித்தது யார்?

என் கதை சின்னது. பார்ட்டிஷனை நகர்த்திக்கொண்டிருந்தேன், 43 சதவீதம் ஓடியிருந்தது. தலைக்கு மேல் மின்விசிறி மெதுவாகி, மெதுவாகி, நின்றது. யூபிஎஸ் பேட்டரி அதற்கு முந்தைய மாதமே செத்துப்போயிருந்தது. போனது போனதுதான்.

இப்போது சொல்வதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிஷனைச் சுருக்குவதை விண்டோஸ் உள்ளிருந்தே செய்யுங்கள், டிஸ்க் மேனேஜ்மென்ட் போதும். கடைசியில் காலி இடம் விட்டு அதில் லினக்ஸைப் போடுங்கள். சுருக்குவதைவிட நகர்த்துவதுதான் ஆபத்து, ஏனென்றால் அப்போது எல்லாத் தரவும் இடம் மாறுகிறது, பாதியில் நின்றால் பாதி இங்கே, பாதி அங்கே. தொடங்கும் முன் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் நகல் எடுங்கள். வேலை முழுக்க லேப்டாப் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியின் 48 இலக்கங்களைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்தச் சாவியை அதே கம்ப்யூட்டருக்குள் சேமித்து வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே எறிந்த மாதிரி.

அப்புறம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். அது இருந்தால் விண்டோஸ் நிஜமாக அணையாது, அரைத்தூக்கத்தில் கிடக்கும். அந்த நேரத்தில் லினக்ஸ் பக்கமிருந்து அதன் டிஸ்கைத் திறந்தால் படிக்க மட்டும்தான் முடியும். கட்டாயப்படுத்தி எழுதினால் பைல் கெடும். அதை அணைத்து வையுங்கள். கடிகாரத்துக்கு, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் நேர மண்டலத் தகவல் இருக்கும் இடத்தில் ‘ரியல்டைம் இஸ் யுனிவர்சல்’ என்று ஒரு மதிப்பு சேர்த்து 1 போட்டால் விண்டோஸும் பொது நேரத்துக்கு வந்துவிடும். இந்தச் சங்கடம் எதுவும் வேண்டாம் என்றால் தனியாக ஒரு எஸ்எஸ்டி டிஸ்க் வாங்கி அதில் போடுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் ஒரு வாரம் பென்டிரைவிலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை எடுக்கிறதா, பிரின்டர் எடுக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். இதையெல்லாம் யாரும் செய்வதில்லை, அப்புறம் வந்து பித்தான், தாலி என்று எழுதுகிறார்கள்.

பெகு பேத்தி:

அண்ணே, உங்கள் கதை ஐந்து வரி, புத்திமதி ஐம்பது வரி. யாரும் கேட்கவில்லையே. நாலு மணி நேரம் கரண்ட் இருந்தால் நாலு மணி நேரம் இல்லாத ஊரில் இருந்துகொண்டு ‘தனி எஸ்எஸ்டி வாங்கு’ என்று சொல்ல உங்களால்தான் முடியும். அக்கா ஸோஜியில் ஏன் அடித்தார் என்கிறீர்கள். கடைக்கு வருகிறவர்கள் கொண்டுவருவது ஸோஜி என்றால் அவர் என்ன செய்வார்?

சரி, என் கதை. என் லேப்டாப்பில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, விண்டோஸ் 11 ஏறாது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்தது. அதனால் மின்ட் பக்கம் வந்தேன், விண்டோஸ் 10-ஐயும் அழிக்கவில்லை. விளையாட்டாக மொழியைத் தமிழுக்கு மாற்றி வைத்தேன்.

பாட்டி வந்து பின்னால் நின்றார். பாட்டி அந்தக் காலத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். 1965-ல் தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, அதோடு அவர் படிப்பும் நின்றது. கம்ப்யூட்டர் திரையை இதுவரை அவர் டிவி மாதிரிதான் பார்த்திருக்கிறார். அன்றைக்கு விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். "கோப்பு… திருத்து… பார்வை… கருவிகள்…" கடைசியில் "உதவி". நிறுத்தி என்னைப் பார்த்து, "உதவின்னு போட்டிருக்கே, இதை அமுக்கினா யாரு வருவா?" என்று கேட்டார்.

அமுக்கச் சொன்னேன். வந்தது முழுக்க இங்கிலீஷ். பாட்டி கொஞ்ச நேரம் பார்த்தார். "இவங்கதானா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். முன்கூட்டியே நான் பார்த்திருக்கலாம்.

மோல்மீன் டைப்பிங் அக்கா:

பேத்தி, எனக்காகப் பேசினதுக்கு நன்றி. இன்சின் அண்ணனுக்கு: 2019-க்கு முன்னால் அடித்த பைல் என்னிடம் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது. நாடு மாறினால் என் பைல் தானாக மாறிவிடுமா? ஒவ்வொன்றாக, ஸோஜியை யூனிகோடாக்கும் ராபிட் கன்வெர்ட்டரில் போட்டு மாற்றி, மறுபடி கண்ணால் படித்துச் சரிபார்க்க வேண்டும். தமிழ்க்காரர்களுக்கு இது புதிதா என்ன? பாமினி, திஸ்கி என்று யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களோடு நாம் பட்ட பாட்டை மறந்துவிட்டீர்களா?

இன்சின் அண்ணன்:

மறக்கவில்லை. பாமினியில் ‘க’ அடிக்கப் பழகிய விரல் எனக்கு இன்னும் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறவில்லை. ஆனாலும் நான் சொன்னதில் எது தப்பு என்று சொல்லுங்கள்.

சிரியம் பெரியவர்:

சண்டை போடாதீர்கள் பிள்ளைகளா. எனக்கு நடந்தது 2008-ல். நான் போட்டுப் பார்த்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. சிடியிலிருந்தே ஓடினது.

நர்கிஸ் புயல் மே 2-ஆம் தேதி ராத்திரி வந்தது. எங்கள் வீட்டுக் கூரைத் தகரம் பாதி பறந்துபோனது. கம்ப்யூட்டர் மேல் விடிய விடிய மழை. காய வைத்தோம், வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஜூன் மாதம் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் வந்தான். உபுண்டு 8.04 சிடி ஒன்று கொண்டுவந்தான். விண்டோஸ் எழும்பவில்லை மாமா, ஆனால் டிஸ்கில் உள்ளதை இதை வைத்து எடுத்துவிடலாம் என்றான். பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்தோம்.

திரை வந்ததும் பெரிய கொக்கு ஒன்று. அந்தப் பதிப்பின் படமே கொக்குதான். என் வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "ஊரெல்லாம் தண்ணின்னா உள்ளேயும் கொக்கா வந்து நிக்கணும்?" என்றாள். ஒரு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் நாங்கள் சிரித்தோம்.

அவன் கையில் இருந்தது ஒரே ஒரு பென்டிரைவ், 1 ஜிபி. மகள் கல்யாணப் போட்டோ இருந்தது. அம்மா குரல் பதிவுகளும் இருந்தன. அம்மா போவதற்கு முந்தைய வருஷம் உட்காரவைத்துப் பிடித்தது. தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினது, வயல் வேலை, ஜப்பான்காரன் காலத்தில் நடந்தே ஊரை விட்டுப் போனவர்கள், நடுவில் ஒரு தாலாட்டு. இரண்டும் சேர்ந்து கொள்ளாது. மகள் பக்கத்தில் நின்றாள். "போட்டோ எடுப்பா, அம்மா நாளைக்கு" என்றேன். வாய் அப்படித்தான் சொன்னது. போட்டோ ஏறி முடியும்போது ஜெனரேட்டரில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. மறுநாள் போட்டால், கம்ப்யூட்டர் எழும்போது முதலில் வரும் பயாஸ் திரையில் டிஸ்க் பெயரே வரவில்லை.

தாமுவே தம்பி:

மாமா, என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இன்சின் அண்ணன்:

பெரியவரே, பேத்தி திட்டினாலும் பரவாயில்லை, ஒன்று கேட்கிறேன். டிக் டிக் என்று சத்தம் வந்ததா, இல்லை சும்மா தெரியாமல் போனதா? சத்தம் இல்லாமல் காணாமல் போயிருந்தால் கெட்டது மதர்போர்டாகவோ வயராகவோகூட இருக்கலாம். மழை நனைந்தது போர்டுதானே. அந்த டிஸ்கைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? வேறு மெஷினில் யாரும் மாட்டிப் பார்த்தார்களா? இருந்தால் தயவு செய்து அதில் எதையும் எழுத வேண்டாம். முதலில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை வைத்து டிஸ்க் முழுவதையும் வேறு டிஸ்கில் நகல் எடுத்துவிட்டு, அந்த நகலில்தான் தேட வேண்டும். கிடைக்கும் என்று சத்தியமாகச் சொல்ல மாட்டேன்.

சிரியம் பெரியவர்:

சத்தம் எதுவும் வரவில்லை. தூக்கிப் போடவும் இல்லை, துணியில் சுற்றிப் பீரோவில் இருக்கிறது. வேறு மெஷினில் போட்டுப் பார்க்கவில்லை. அப்போது மெஷின் யாரிடம் இருந்தது? அப்புறம் எனக்கே மனசு வரவில்லை. பழைய அகல வயர் டிஸ்க், 40 ஜிபி. அந்த வயர் இனி யாரிடம் இருக்கும்?

இன்சின் அண்ணன்:

என்னிடம் இருக்கிறது. அதை யூஎஸ்பியில் மாட்டும் பெட்டியும் இருக்கிறது, தனிக் கரண்ட் வேண்டும். இந்தத் தடவை யூபிஎஸ் பேட்டரி புதுசு. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? உங்கள் பக்கம் எத்தனை மணிக்குக் கரண்ட் வரும் என்று மட்டும் சொல்லுங்கள்.

சிரியம் பெரியவர்:

காலை ஒன்பதுக்கு வரும், ஒரு மணிக்குப் போய்விடும். சாப்பிட்டுவிட்டுப் போகலாம், வா தம்பி.