கடற்கொள்ளையர் வரலாற்றை எழுதியவர் டீஃபோதானா?

நெய்தல்:
1724இல் லண்டனில் வெளியான ‘கடற்கொள்ளையரின் பொது வரலாறு’ நூலின் முகப்பில் கேப்டன் சார்லஸ் ஜான்சன் என்ற பெயர் இருக்கிறது. அப்படி ஒரு கேப்டன் வாழ்ந்ததற்குத் தடயமே கிடைக்கவில்லை. நடையையும் கருத்துகளையும் ஒப்பிட்டு, இது ‘ராபின்சன் குரூசோ’ நாவலாசிரியர் டேனியல் டீஃபோ எழுதியது என்று ஆய்வாளர் ஜான் ராபர்ட் மூர் 1932இல் சொன்னதையே நான் ஏற்கிறேன். 1720லேயே ‘கேப்டன் சிங்கிள்டன்’ என்று கொள்ளையன் ஒருவனை நாயகனாக்கி நாவல் எழுதியவர் அவர்.

பனையோலை:
வணக்கம் நண்பரே. நடை ஒற்றுமையை மட்டும் நம்பி மூர் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படைப்புகளை டீஃபோ கணக்கில் சேர்த்தார். அந்த முறையே பிழை என்று 1988இல் ஃபர்பாங்க், ஓவன்ஸ் என்னும் ஆய்வாளர் இருவரும் காட்டினார்கள். இந்த நூலை டீஃபோவோடு இணைக்கும் ஆவணம் ஒன்றுகூட இல்லை.

நூலையே பாருங்கள். கொள்ளையர் தலைவன் பார்த்தலமியு ராபர்ட்ஸ் பற்றிய அத்தியாயத்தில், 1722இல் ஆப்பிரிக்கக் கரையின் கேப் கோஸ்ட் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட அவனுடைய ஆட்கள் 52 பேரின் பட்டியல் வருகிறது. டேவிட் சிம்சன், வயது 36, ஊர் நார்த் பெர்விக் என்று ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, ஊர். விசாரணைப் பதிவுகளையும் மாலுமிகளின் வாய்மொழியையும் தேடித் திரட்டுகிற செய்தித்தாள்காரரின் உழைப்பு இது. அந்த வரிசையைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது.

நெய்தல்:
உழைப்பை மறுக்கவில்லை. ஆனால் 1728இல் வந்த இரண்டாம் தொகுதியில், மடகாஸ்கரில் லிபர்டாலியா என்னும் சமத்துவக் குடியரசை நிறுவியதாகச் சொல்லப்படும் கேப்டன் மிசன் முழுக்கக் கற்பனைப் பாத்திரம். கற்பனையை வரலாறுபோல் எழுதிக் காட்டும் அந்தத் திறம் டீஃபோவுக்கே உரியது அல்லவா?

பனையோலை:
அந்தத் திறம் அவர் ஒருவருக்கு மட்டும் வாய்த்ததன்று. அன்றைய லண்டன் பத்திரிகையாளர் பலரிடமும் இருந்தது. எழுதியவர் நத்தானியேல் மிஸ்ட்டாக இருக்கலாம் என்று வரலாற்றாய்வாளர் ஆர்னே பியாலுஷெவ்ஸ்கி 2004இல் வாதிட்டார். மிஸ்ட் முன்னாள் மாலுமி, வார இதழ் நடத்திய அச்சகர். அரசை எதிர்த்து எழுதித் தண்டனை பெற்றவர். நூலின் பதிவும் அவர் பெயரிலேயே இருக்கிறது. டீஃபோவும் அவருடைய இதழில் எழுதியவர்தான் என்பதால், நீங்கள் காணும் நடை ஒற்றுமை அங்கிருந்தே வந்திருக்கலாம்.

நெய்தல்:
பதிவு மிஸ்ட்டின் பெயரில் இருப்பது அவர் வெளியிட்டதற்குத்தான் சான்று, எழுதியதற்கு அன்று. ஆனாலும் முதல் தொகுதியை டீஃபோ எழுதியதாக இனி உறுதியாகச் சொல்ல மாட்டேன். மிசன் அத்தியாயத்தில் மட்டும் என் ஐயம் தீரவில்லை. இரண்டு தொகுதிகளையும் ஒரே கைதான் எழுதியதா என்ற கேள்வியில் தொடங்கி அதைத் தனியே பேசலாம்.