1967 கோஸ்டல் டிவிஷன்: ஒரே தோல்வி, ஆனாலும் கோல்ட்ஸ் வெளியே. ஏன்?

கேள்வி:
1967 என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் தொழில்முறை லீக்) பட்டியலில் பால்டிமோர் கோல்ட்ஸ் 11 வெற்றி, 1 தோல்வி, 2 டிரா. ஆனால் பிளேஆஃபில் (சீசனுக்குப் பின் நடக்கும் நாக்அவுட் சுற்று) பெயரே இல்லை. 9-4-1 (வெற்றி-தோல்வி-டிரா) எடுத்த கிரீன் பே பேக்கர்ஸ் உள்ளே போய் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையே ஜெயித்தார்கள். இது எந்த விதிப்படி? 1970-க்குப் பிறகு கோஸ்டல் டிவிஷன் என்னவானது?

பதில் 1:
1967-இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் வந்ததும் அணிகள் 16 ஆயின. நாலு நாலாகப் பிரித்தார்கள்: கிழக்கில் கேபிடல், செஞ்சுரி, மேற்கில் சென்ட்ரல், கோஸ்டல். ஒவ்வொன்றிலும் முதலிடத்துக்கு மட்டும்தான் பிளேஆஃப்; வைல்ட் கார்டு (முதலிடம் பெறாத அணிக்குத் தரும் இடம்) கிடையாது. பேக்கர்ஸ் இருந்தது சென்ட்ரலில், அங்கே 9-4-1 போதுமாக இருந்தது. கோல்ட்ஸ் இருந்த கோஸ்டலில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸும் 11-1-2. முன்பு இப்படிச் சமமாக வந்தால் தனியாக ஓர் ஆட்டம் வைப்பார்கள். 1965-இல் கோல்ட்ஸும் பேக்கர்ஸும் அப்படி மோதியதுதான். 1967-இல் அதற்குப் பதிலாக, இரண்டு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளிக் கணக்கைப் பார்த்தார்கள். அக்டோபர் 15, பால்டிமோரில் 24-24. டிசம்பர் 17, லாஸ் ஏஞ்சலஸில் ராம்ஸ் 34-10. அத்தோடு முடிந்தது.

பதில் 2:
24 புள்ளியில் தோற்றதால்தான் போச்சு என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. முதல் ஆட்டம் டிரா என்பதால் கடைசி ஆட்டத்தில் ஒரே புள்ளியில் தோற்றிருந்தாலும் இதே கதிதான். அன்று கோல்ட்ஸ் 11-0-2 என்று களமிறங்கினார்கள். ஒரு டிரா கிடைத்திருந்தால்கூட டிவிஷன் அவர்களுக்கே.

டிராவின் மேலும் பழி போட வேண்டாம். அப்போது டிராவைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள்: 12-க்கு 11, அதாவது .917. டிராவை அரை வெற்றியாக எண்ணும் முறை 1972-இல் வந்தது. அப்படி எண்ணினாலும் இரண்டு அணிக்கும் .857, மறுபடி சமம்தான். எனக்கு இந்த விதி அநியாயமாகத்தான் படுகிறது: முழு சீசனிலும் சமமாக நின்ற இரண்டு அணிகளை ஒரே ஒரு மாலை பிரித்துவிட்டது.

பதில் 3:
மற்ற இரண்டு ஆண்டுகளில் கோஸ்டலில் முதலிடம்: 1968-இல் கோல்ட்ஸ் 13-1, 1969-இல் ராம்ஸ் 11-3. ராம்ஸ் அந்த ஆண்டு 11-0 வரை போய், கடைசி மூன்றையும் விட்டார்கள். அந்த டிவிஷனின் மற்ற இரண்டு அணிகளான ஃபால்கன்ஸும் 49அர்ஸும் ஒருமுறைகூட முதலிடம் தொடவில்லை.

1970-இல் என்எஃப்எல், போட்டி லீக்கான ஏஎஃப்எல்லுடன் இணைந்து ஏஎஃப்சி, என்எஃப்சி என்று இரண்டு பிரிவுகளானபோது, கோல்ட்ஸ், பிரவுன்ஸ், ஸ்டீலர்ஸ் மூன்றும் ஏஎஃப்சிக்குப் போயின. என்எஃப்சியில் மீதி 13 அணிகளின் உரிமையாளர்களுக்குள் டிவிஷன் பிரிப்பில் ஒத்துவரவில்லை. கடைசியில் ஐந்து திட்டங்களை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, கமிஷனர் பீட் ரோசெலின் செயலாளர் ஒன்றை எடுத்தார். அதில் வந்ததுதான் என்எஃப்சி வெஸ்ட்: ராம்ஸ், 49அர்ஸ், ஃபால்கன்ஸ், கோல்ட்ஸ் இடத்தில் செயின்ட்ஸ். வைல்ட் கார்டும் அதே 1970-இல்தான் வந்தது.

பழைய பட்டியல் பார்க்கிறவர்களுக்கு ஒன்று: செயின்ட்ஸும் ஜயன்ட்ஸும் 1968-இல் மட்டும் கேபிடல், செஞ்சுரி இடம் மாறிக்கொண்டார்கள். அது அச்சுப்பிழை அல்ல.