ஆகஸ்ட் கடைசி இரண்டு வாரம்: பப்பில் வயலின் வாசிக்க விடுவார்களா? டெலஸ்கோப் வாங்கலாமா?

லீட்ஸ்_அப்பா:

வணக்கம். மகளுக்கு 11 வயது. பள்ளி திறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. டிக்கெட் விலையைப் பார்த்து இந்த வருஷம் ஊருக்குப் போகவில்லை. ஐந்து வருஷமாகக் கர்நாடக வயலின் கற்கிறாள். வகுப்புக்கு லீவு விட்ட அன்று பெட்டியை மூடியவள் இன்னும் திறக்கவில்லை. நாள் முழுக்க டேப்லெட்தான்.

போன வாரம் விட்பி என்ற கடற்கரை ஊருக்குப் போயிருந்தோம். ஒரு பப்பின் ஜன்னல் ஓரம் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வயலினும், துருத்தி மாதிரி இழுத்து அமுக்கும் பெட்டியும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மேடை இல்லை, மைக் இல்லை. கையிலிருந்த சிப்ஸ் ஆறிப்போகும்வரை இவள் அங்கேயே நின்றாள். "அப்பா, இது சங்கராபரணம் மாதிரி இருக்கு" என்றாள். அந்த மாதிரி இடத்துக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிப்போகலாமா? வாசிக்க விடுவார்களா?

அப்புறம், டெலஸ்கோப் வேண்டுமாம். 80 பவுண்டில் ஒன்று பார்த்தேன். 525 மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பிராட்ஃபோர்ட்_பாலா:

ப்ளாக்பெர்ரி பறிக்கப் போங்க சார், காசே வேண்டாம். கால்வாய் ஓரமெல்லாம் பழுத்துக் கிடக்கிறது. நாய் காலைத் தூக்கும் உயரத்துக்கு மேலே இருப்பதை மட்டும் பறியுங்கள். வானம் பார்ப்பதெல்லாம் இந்த ஊரில் வேலைக்கு ஆகாது. பத்து வருஷமாக நான் பார்த்தது மேகம்தான்.

ஒரத்தநாட்டுக்காரி:

தம்பி, அந்த டெலஸ்கோப்பை வாங்காதீர்கள். அதே 525 மடங்குப் பெட்டி எங்கள் வீட்டுப் பரணில் ஒன்பது வருஷமாகத் தூங்குகிறது. உள்ளே இருப்பது 60 மில்லிமீட்டர் லென்ஸ். அதற்கு 120 மடங்குக்கு மேல் போனால் கலங்கல்தான் பெரிதாகும். முக்காலியோ மூச்சு விட்டாலே ஆடும். அந்தப் பணத்தில் ஒரு 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு, 50 மில்லிமீட்டர் லென்ஸ்) வாங்குங்கள், மீதியும் இருக்கும்.

பிள்ளைகளுக்கு வானம் காட்ட இந்த நாட்டில் இதுதான் சரியான காலம். யார்க்‌ஷயரில் மே நடுவிலிருந்து ஜூலை கடைசிவரை முழு இருட்டே கிடையாது, நள்ளிரவிலும் வடக்கே வெளுத்துக் கிடக்கும். டிசம்பரில் இருட்டு இருக்கும், ஆனால் கை விறைத்துவிடும். இப்போது எட்டேகால் வாக்கில் சூரியன் மறைகிறது. பத்து மணிக்கெல்லாம் பெரிய நட்சத்திரங்கள் வந்துவிடும்.

எங்கள் பின்தோட்டத்தில் தெருவிளக்கு நேராக விழும். துணி காயப்போடும் கொடியில் பழைய போர்வையைத் தொங்கவிட்டு அந்த நிழலில் பாயை விரித்துக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவருடைய வாசல் விளக்கை ஒரு மணி நேரம் அணைக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். இப்போது அவரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். நடுவில் யாராவது போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

மல்லாந்து படுத்தால் ஏறக்குறைய உச்சியில் பளிச்சென்று தெரிவது வேகா, நம் அபிஜித். அது இருக்கும் கூட்டத்துக்கு லைரா என்று பெயர், யாழ் மாதிரி ஒரு நரம்பு வாத்தியம். வயலின் பிள்ளைக்கு அங்கிருந்தே தொடங்குங்கள். கிழக்கே டெனெப், தெற்கே இறங்கினால் ஆல்டேர். இந்த ஆல்டேர்தான் திருவோணம். மொட்டைமாடியில் தலைக்கு நேர் மேலே பாட்டி காட்டியது, இங்கே பாதி வானம்தான் ஏறுகிறது. துருவ நட்சத்திரம் அதற்கு நேர்மாறு. ஊரில் தென்னந்தோப்புக்குப் பின்னால் ஒளிந்துகிடந்ததை இங்கே வந்துதான் முதன்முதலாகப் பார்த்தேன், 54 டிகிரி உயரத்தில். பெர்சியஸ் எரிகற்கள் 12, 13 தேதிகளோடு உச்சம் முடிந்துவிட்டன. ஆனாலும் 24 வரை ஒன்றிரண்டு உதிரும்.

இனி பப். தாராளமாகக் கூட்டிப்போங்கள். பல பப்களில் ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிடுவார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்ததைச் 'செஷன்' என்பார்கள். கச்சேரி இல்லை, காசும் இல்லை, வட்டமாக உட்கார்ந்து அவரவருக்குத் தெரிந்ததைச் சேர்ந்து வாசிப்பது. ஒரு மெட்டை மூன்று தடவை வாசித்துவிட்டு நிறுத்தாமல் அடுத்ததற்குத் தாவுவார்கள். முதல் நாள் சும்மா கேட்கட்டும். உட்காரும் முன் அந்த நாற்காலி யாருடையது என்று கேளுங்கள். பதினைந்து வருஷமாக ஒரே நாற்காலியில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள்!

உங்கள் மகள் சொன்னது சரிதான். அந்த இழுபெட்டிக்கு மெலோடியன் என்று பெயர். இங்கிலீஷ் செஷன்களில் அது பெரும்பாலும் டி, ஜி என்ற இரண்டு சுருதிக்கு மட்டும் கட்டியது. அதனால் எல்லாரும் அந்த இரண்டிலேயே வாசிப்பார்கள், இரண்டும் சங்கராபரணம்தான். அதே பட்டன்களில் ரி-யை ஸ-வாக எடுத்துக்கொண்டால் கரகரப்ரியா, ப-வை எடுத்தால் ஹரிகாம்போதி. இப்படி ஸ-வை இடம் மாற்றி வேறு ராகம் காணும் கிரக பேதம் படித்த பிள்ளைக்கு இதில் தனி ருசி. ஜிக் என்று ஒரு வகை உண்டு, தகிட தகிட, தகிட தகிட. காவடிச் சிந்து தெரிந்தவளுக்குக் கால் தானாக ஆடும். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம் ஏதாவது பாடம் ஆகியிருந்தால் அதையே வாசிக்கச் சொல்லுங்கள். வெள்ளைக்காரர் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்குத்தானே அவர் சாகித்யம் செய்தார்.

சிக்கல் சுருதியில்தான். ஸ-ப-ஸ-ப என்று வைத்த வயலினை ஜி-டி-ஏ-இ என்று மாற்ற வேண்டும். பழைய கம்பியோடு நான் இதைச் செய்தேன். முதல் நாளே, எல்லாரும் வாசிப்பை நிறுத்திய அந்த ஒரு நொடியில், மேல் கம்பி படீரென்று அறுந்தது. எதிரே இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தன் பெட்டியிலிருந்து ஒரு கம்பியை எடுத்து நீட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தால் வயலின் வழுக்கும், நமக்குக் காலில் முனையை ஊன்றித்தானே பழக்கம்? நான் ஒரு மாதம் சுவரோர பெஞ்சில் சம்மணம் போட்டுத்தான் வாசித்தேன். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளட்டும். நான் ரி-யை அசைத்தபோது பக்கத்தில் இருந்தவர் எனக்குக் குளிர்கிறதா என்று கேட்டார்.

பாத்_பாமா:

அக்கா சொன்னதோடு ஒன்று. எங்கள் பாத் ஊரில் ஆர்கன் வாசித்துப் பிழைத்த வில்லியம் ஹெர்ஷல் 1781 மார்ச்சில் தன் வீட்டுப் பின்தோட்டத்திலிருந்துதான் யுரேனஸைக் கண்டுபிடித்தார். அவர் தங்கை கரோலின் மேடைப் பாடகி. 1786 ஆகஸ்ட் 1 அன்று தானாகவே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார், பின்னால் மொத்தம் எட்டு. அந்த வீடு இப்போது மியூசியம். இந்தப் பக்கம் வந்தால் மகளுக்கு அந்தச் சின்னத் தோட்டத்தைக் காட்டுங்கள்.

லீட்ஸ்_அப்பா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு செஷனுக்குப் போனோம். சும்மா கேட்கத்தான் போனோம், ஆனாலும் பெட்டியை எடுத்து வந்திருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து ஓரத்தில் உட்கார்ந்து மெதுவாக ஸ-வும் ப-வும் மட்டும் இழுத்தாள், தம்பூரா மாதிரி. மெலோடியன்காரர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். புதுக் கம்பி போட்டுத்தான் போனோம் அக்கா, அறுந்தது வில்லின் முடி.

வெளியே வந்தால் வானம் முழுக்க மேகம். பாலா சார், அந்தக் கால்வாய் எந்தப் பக்கம்?